பிழைத்தவன் சொல்லும் கதை

பெர்கன் நகரத்தில் ஃபான்டாஃப்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. டிராமில் ஏறினால் நகர மையத்திலிருந்து கால் மணி நேரம். அங்கே வெளிநாட்டு மாணவர்கள் தங்கும் உயரமான விடுதிக் கட்டடம் ஒன்று உண்டு. 2011 ஆகஸ்டில் மீன்வள உயிரியல் படிக்க அங்கே போய் இறங்கினேன். அம்மாவிடமும் பேராசிரியர்களிடமும் படிப்புக்காக நார்வே என்றுதான் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் விடுதி ஒதுக்கீட்டுக் கடிதத்தில் ‘ஃபான்டாஃப்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு காரணத்துக்காக வாய்விட்டுச் சிரித்தேன்.

போய்ச் சேர்ந்த மறுநாளே, பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல், மழையில் நடந்து ஃபான்டாஃப்ட் தேவாலயத்தைப் பார்க்கப் போனேன். மரங்களுக்கு நடுவே, செதில் செதிலாகக் கூரை வேய்ந்த கறுத்த மரக் கட்டடம். சுற்றிலும் வேலி. மரத்துக்குப் பூசிய தாரின் வாசனை மழையில் இன்னும் தூக்கலாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சோக்ன் பகுதியில் ஃபோர்ட்டுன் என்ற ஊரில் கட்டி, 1883இல் பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்திய தேவாலயம். நான் பார்த்தது அதுவல்ல. அது 1992 ஜூன் 6 அதிகாலையில் எரிந்துபோனது. நான் பார்த்தது அதன் நகல், 1997இல் கட்டி முடித்தது.

எரிந்த கட்டடத்தின் புகைப்படத்தை அதற்கு ஆறு வருடம் முன்பே எனக்குத் தெரியும். புர்சும் என்ற ஒற்றை ஆள் நார்வே இசைக்குழு வெளியிட்ட ‘ஆஸ்கே’ என்ற சிறு தொகுப்பின் அட்டைப்படம் அது. ஆஸ்கே என்றால் சாம்பல். முதலில் அச்சிட்ட பிரதிகளோடு ஒரு சிகரெட் லைட்டரும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் இருந்ததும் அதே படம்தான்.

கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்துத்தான் எனக்கு பிளாக் மெட்டல் என்ற இரைச்சலான ராக் இசைவகை அறிமுகம். பாட்டின் பெயர்கள் நார்வேஜியனில், யாருக்கும் உச்சரிக்கத் தெரியாது. புர்சுமின் ‘ஃபிலோசோஃபெம்’ தொகுப்பின் முதல் பாட்டை வைத்தபோது ஹெட்போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கித்தார் சத்தம் தகரத்தில் மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி. பிற்பாடுதான் தெரிந்தது, அது வேண்டுமென்றே செய்தது. கித்தாரை முறையான ஆம்ப்ளிஃபயரில் போடாமல் வீட்டு ஸ்டீரியோவில் போட்டு, இருப்பதிலேயே மோசமான மைக் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பாடிய பதிவு. மூன்றாவது தடவை கேட்கும்போது அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு மெட்டு மெதுவாக எழுந்து வருவது பிடிபட்டது. இன்றும் அந்த இடத்தில் எனக்கு முதுகில் ஏதோ ஊர்கிறது. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும்.

அது பதிவானது 1993 மார்ச்சில். அதே வருடம் ஆகஸ்ட் 10 அதிகாலை, அந்தப் பாட்டை எழுதி, வாசித்து, பாடிய ஒரே ஆளான வர்க் விகெர்னஸ், ஒஸ்லோவில் தோயன்காத்தா என்ற தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் ஊய்ஸ்டைன் ஓர்ஷெத்தைக் குத்திக் கொன்றான். கொன்றவனுக்கு 20 வயது. செத்தவனுக்கு 25.

ஓர்ஷெத்தை யூரோனிமஸ் என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். மேஹெம் குழுவின் கித்தார்காரன். ஒஸ்லோவில் ‘ஹெல்வெத்தெ’, அதாவது நரகம், என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தியவன். டெத்லைக் சைலன்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டுகளும் வெளியிட்டான். புர்சுமின் முதல் தொகுப்பை வெளியிட்டதே அவன்தான். ஒரு பக்கம் நண்பர்கள், இன்னொரு பக்கம் முதலாளியும் கலைஞனும், இன்னொரு பக்கம் அந்தக் கூட்டத்தில் யார் பெரியவன் என்ற போட்டி. இந்த மூன்றில் எது கத்தியை எடுக்க வைத்தது என்பதில்தான் முப்பது வருடமாகச் சண்டை.

இந்தச் சண்டையை நான் நேரில் பார்த்தது ஃபான்டாஃப்ட் விடுதியின் பொதுச் சமையலறையில். ஒரே அடுப்பைப் பல பேர் பங்குபோட்டுக்கொள்ளும் இடம். அங்கே எங்களில் நாலு பேர் மெட்டல் கேட்பவர்கள் என்று கறுப்பு டி-ஷர்ட்டை வைத்தே கண்டுபிடித்துக்கொண்டோம். போலந்துக்காரன் ஒருவன், கணினி படித்தான். ஜெர்மனியிலிருந்து மருத்துவம் படிக்க வந்த பெண். ட்ரோன்ட்ஹைமைச் சேர்ந்த நார்வேக்காரன், எங்களில் மூத்தவன், அதிகம் பேசமாட்டான். நாலாவது நான், சாம்பார் கொதிக்கும்போது எல்லோரையும் தும்ம வைப்பவன்.

முதல் வாரமே பேச்சு அங்கே வந்து நின்றது. போலந்துக்காரன் உறுதியாகச் சொன்னான்: “அது தற்காப்பு. அவன் எழுதியதைப் படித்திருக்கிறாயா?”

படித்திருந்தேன். விகெர்னஸ் சிறையிலிருந்தபடியே தன் கதையைப் பகுதி பகுதியாக எழுதினான். அவன் சொல்லும் கதை சுருக்கமாக இது: யூரோனிமஸ்தான் முதலில் இவனைக் கொல்லத் திட்டம் போட்டான். மயக்கி, கட்டி, காட்டுக்குக் கொண்டுபோய் சித்திரவதை செய்து, அதைப் படம் பிடிக்கவும் எண்ணியிருந்தான். இதை ஸ்நோரே ரூக் என்ற இன்னொரு கித்தார்காரனிடம் தொலைபேசியில் சொன்னபோது விகெர்னஸும் கூட இருந்து கேட்டான். அதற்குப் பிறகு யூரோனிமஸிடமிருந்து ஒப்பந்தம் பற்றித் தேனொழுக ஒரு கடிதம் வந்தது. அது பொறி என்று புரிந்தது. சரி, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை நேரிலேயே கொடுத்துவிட்டு, இனி என் வழிக்கு வராதே என்று சொல்லலாம் என்று ரூக்கோடு ஒஸ்லோவுக்குக் கார் ஓட்டிப் போனான். கதவைத் திறந்த யூரோனிமஸ் பதறிப்போய் நெஞ்சில் உதைத்தான், அப்புறம் கத்தி எடுக்கச் சமையலறைப் பக்கம் ஓடினான். அதனால் குத்த வேண்டியதாயிற்று. உடம்பில் 23 காயம் இருந்ததே என்றால், பெரும்பாலானவை கத்தியால் வந்தவை அல்ல, உள்ளாடையோடு ஓடியவன் உடைந்த விளக்கின் கண்ணாடிச் சில்லுகள்மேல் விழுந்ததால் வந்தவை.

ஒரு கதையாக இது நன்றாக ஓடுகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். சின்னச் சின்ன விவரங்கள் நிறைய இருக்கின்றன. தனக்குச் சாதகமில்லாத சிலவற்றையும் அவனே சொல்கிறான். யூரோனிமஸ் தப்பிக்கப் படியிறங்கி ஓடியதையும், தான் பின்னாலேயே துரத்தியதையும் மறைப்பதில்லை. இதெல்லாம் கேட்பவரை மயக்கும். இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்கிறவன் மிச்சத்தில் ஏன் பொய் சொல்லப்போகிறான் என்று தோன்றிவிடும். எனக்கும் பத்தொன்பது வயதில் அப்படித்தான் தோன்றியது.

மருத்துவம் படித்த பெண் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “காயங்கள் எங்கெங்கே?”

நான் சொன்னேன். தலையில் 2, கழுத்தில் 5, முதுகில் 16.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “முதுகில் பதினாறு என்றால் அவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்?” என்றாள்.

போலந்துக்காரன் கண்ணாடியை இழுத்தான். கண்ணாடிச் சில்லில் விழுந்தால் முதுகில்தானே குத்தும் என்றான். கண்ணாடி கிழிக்கும், இழுத்துக்கொண்டு போகும், கத்திக் குத்து வேறு மாதிரி இருக்கும், பிரேதப் பரிசோதனை செய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா என்றாள் அவள். எல்லாம் இவனைச் சிக்கவைக்கச் செய்தது என்றான் அவன். அன்றைக்குச் சாம்பார் அடிப்பிடித்தது.

பிற்பாடு இது மாதிரி எத்தனையோ விவாதங்களில் உட்கார்ந்திருக்கிறேன், பெர்கனில், ஒஸ்லோவில், விடுமுறைக்குச் சென்னை வந்தால் இங்கேயும். ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. எல்லோரும் கதவு திறந்த பிறகு நடந்ததைப் பற்றியே வாதாடுகிறார்கள். யார் முதலில் அடித்தது, கத்தி எங்கே இருந்தது, விளக்கு எப்போது உடைந்தது. வீட்டுக்குள் நடந்த அந்த ஒரு சில நிமிடங்களுக்கு சாட்சி இரண்டே பேர், அதில் ஒருவன் செத்துவிட்டான். ஆகவே அங்கே உயிரோடு இருப்பவன் சொல்வதுதான் கதை. கேட்பவர் நம்பலாம், நம்பாமல் போகலாம், ஆனால் எதிர்த்துச் சொல்ல இன்னொரு குரல் இல்லை.

கதவு திறப்பதற்கு முன்பு நடந்ததைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அங்கேதான் சாட்சி இருக்கிறது. பெர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு மலைப்பாதையில் காரில் ஏழு மணி நேரமாவது ஆகும். ஒப்பந்தத்தைத் தபாலில் அனுப்ப ஒரு தபால்தலை போதும். ரூக் சொன்னபடி, பெர்கன் வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவனை விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். அவன் செய்ய வேண்டிய வேலை, கடையில் வீடியோ படம் வாடகைக்கு எடுப்பது, வீட்டில் அதை ஓடவிடுவது, விகெர்னஸின் வங்கி அட்டையில் பணம் எடுப்பது. அதாவது அந்த இரவு விகெர்னஸ் பெர்கனிலேயே இருந்தான் என்று காட்டுவது. ஒப்பந்தம் கொடுத்துவிட்டு வருவதற்கு இது எதற்கு?

இதை நான் கேட்டபோது போலந்துக்காரன், “ரூக் தண்டனை குறையட்டும் என்று எதையாவது சொல்லியிருப்பான்” என்றான். இருக்கலாம். ரூக்குக்கு உடந்தை என்று 8 வருடம் கிடைத்தது. ஆனால் கவனித்துப் பாருங்கள், ரூக்கின் வாக்குமூலம் விகெர்னஸுக்கு எதிராக இருக்கும்போது அது சுயநலம். யூரோனிமஸ் தொலைபேசியில் சொன்ன கொலைத் திட்டம் ரூக் வழியாக வந்தது என்னும்போது மட்டும் அதே ரூக் நம்பத் தகுந்த சாட்சி. ஒரே ஆளைக் காலையில் நம்பி மாலையில் நம்பாமல் இருக்க ரசிகனால்தான் முடியும்.

யூரோனிமஸ் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவே மாட்டான் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கூட்டத்தில் கொல்வேன், வெட்டுவேன் என்பது காலை வணக்கம் மாதிரி. தன் குழுவின் பாடகன் டெட் 1991 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டபோது யூரோனிமஸ் நடந்துகொண்ட விதத்தைப் படித்தவர்களுக்கு அவன்மேல் பெரிய பரிதாபம் வராது. நல்லவன் ஒருவன் செத்தான் என்று நிரூபித்தால்தான் கொலை கொலையாகும் என்பது போலப் பலர் பேசுகிறார்கள். அதுதான் எனக்கு விளங்காதது.

1994 மே மாதத்தில் தீர்ப்பு வந்தது. கொலை, மூன்று தேவாலயங்களை எரித்தது, நாலாவது ஒன்றை எரிக்க முயன்றது, வெடிமருந்து திருடி வைத்திருந்தது. 21 வருடம், அப்போது நார்வேயின் அதிகபட்சத் தண்டனை. தீர்ப்பைக் கேட்டு அவன் சிரிக்கும் புகைப்படம் இன்றும் டி-ஷர்ட்களில் விற்கிறது. வெடிமருந்து 150 கிலோ. அந்த 150 கிலோவைப் பற்றியும் ரசிகர்கள் அவ்வளவாக வாதாடுவதில்லை. தற்காப்புக் கதைக்குள் அதை எங்கே வைப்பது என்று தெரியாததால் இருக்கலாம்.

தண்டனை கிடைத்தவை ஹொல்மென்கொல்லன், ஷோல், ஓசனே ஆகிய தேவாலயங்களுக்கு. அட்டைப்படமாக விற்ற ஃபான்டாஃப்டுக்கு இல்லை. ஜூரி அதில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. அது ஜூரியின் பிழை என்று நீதிபதிகளே கருதினார்கள், ஆனாலும் அதற்காக முழு வழக்கையும் திரும்ப நடத்தவில்லை. ஆக, சட்டப்படி என் விடுதிக்குப் பக்கத்துத் தேவாலயத்தை யார் எரித்தது என்பது இன்றும் காலி இடம். விகெர்னஸ் அந்தக் காலி இடத்தை மிகவும் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறான். நான்தான் என்று சொல்வதில்லை. ஆனால் ஏன் எரிக்கப்பட்டது என்று மட்டும் விலாவாரியாக விளக்குவான்: அது பழைய தெய்வங்களின் புனித இடம், கிறித்தவர்கள் அதை ஆக்கிரமித்தார்கள், தேதிகூடப் பழைய வைக்கிங் தாக்குதலின் நினைவாக வைத்தது. நெருப்பு வைத்தவன் மனசில் என்ன இருந்தது என்பது இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்டால் ஒரு புன்னகை.

தேவாலயங்களைப் பற்றிய கதை அவனிடமே மாறிக்கொண்டும் இருந்திருக்கிறது. 1993 ஜனவரியில் பெர்கன் நாளிதழில், பெயர் போடாமல், தாங்கள்தான் எரித்தோம் என்று ஒரு பேட்டி வந்தது. அவன் கைதானது அதனால்தான், ஆதாரம் போதாமல் மார்ச்சில் விட்டுவிட்டார்கள். அப்போது பேச்செல்லாம் சாத்தான், இருள், பயம் பரப்புவது. பிற்பாடு எழுதியதில், அந்தப் பேட்டி மிகைப்படுத்தியது, ஹெல்வெத்தெ கடைக்குக் கூட்டம் சேர்க்கச் செய்த விளம்பரம் என்றான். அதற்குப் பிறகு சாத்தான் காணாமல் போய், பழைய வைக்கிங் தெய்வமான ஓடினும் மூதாதையர்களும் வந்தார்கள். ரசிகர்கள் இதை வளர்ச்சி என்கிறார்கள். போலந்துக்காரனும் அதைத்தான் சொன்னான்: “மனிதன் முதிர்ச்சியடைகிறான்.” அதுவரை வாய் திறக்காத ட்ரோன்ட்ஹைம்காரன் அன்றைக்குப் பேசினான். “ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பிடித்த மாதிரியே முதிர்ச்சியடைகிறான்.”

அதே வருடம் கிறிஸ்துமஸுக்குப் பெர்கனில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டில் சாப்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் வந்தவர், கத்தோலிக்கர், ஓசனேயில் முதியோர் இல்லமொன்றில் வேலை. நான் கேட்கும் பாட்டைப் பற்றி அவருடைய மகன் கிண்டலாகப் போட்டுக்கொடுத்துவிட்டான். அக்கா கறியைப் பரிமாறிக்கொண்டே சொன்னார்: “அந்த வருசம் நத்தாருக்கு முதல்நாள்தான் தம்பி இங்க ஓசனேக் கோயில எரிச்சவங்கள். நாங்கள் அப்ப வந்து கொஞ்ச வருசம். ஊரில குண்டு விழுந்து கோயில் எரிஞ்சதப் பாத்திட்டு வந்த சனம் நாங்கள். இங்க ஆர் எரிச்சதெண்டு கேட்டா, பாட்டுப் படிக்கிற பெடியள் எண்டு சொன்னாங்கள். நான் நம்பேல்ல. பாட்டுப் படிக்கிற பெடியளுக்கு ஏன் இந்த வேலை?”

எனக்கு வாயில் சோறு இறங்கவில்லை. ஆறு வருடமாக அந்தத் தீயை நான் அட்டைப்படமாகத்தான் பார்த்திருந்தேன். நார்வே லூத்தரன் தேவாலயத்துக்கும் அக்காவுக்கும் நேரடித் தொடர்பில்லை, அது அவருடைய கோயிலும் இல்லை. ஆனாலும் அந்த இரவு வீட்டில் பிள்ளைகளை வெளியே விடவில்லை என்றார். எரித்தவர்களின் காரணங்களைப் பற்றி எத்தனையோ புத்தகம், படம். எரியும்போது பக்கத்துத் தெருவில் இருந்தவர்களைப் பற்றி அன்றைக்குத்தான் முதலில் யோசித்தேன்.

அந்த அக்காவிடம் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் ‘பெடியனின்’ கணக்கில் அவரும் நானும் அந்த நாட்டில் இருக்கவே கூடாதவர்கள். சிறையில் இருந்த காலத்திலேயே விகெர்னஸின் எழுத்து வெளிப்படையான இனவாதமாகிவிட்டது. 2009இல் வெளியே வந்து, பிரான்சுக்குக் குடிபோனான். 2013 ஜூலையில் பயங்கரவாதச் சந்தேகத்தில் மனைவியோடு கைது செய்து விட்டுவிட்டார்கள். ஆனால் மறுவருடம் யூதர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராக இன வெறுப்பைத் தூண்டியதாகப் பாரிஸ் நீதிமன்றம் அவனுக்கு ஆறு மாத நிறுத்தி வைத்த சிறையும் 8,000 யூரோ அபராதமும் விதித்தது. கைதான செய்தி வந்த அன்று போலந்துக்காரன் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான்: “மறுபடியும் சிக்கவைக்கிறார்கள்.” நான் பதில் போடவில்லை. அதோடு தொடர்பும் விட்டுப்போயிற்று.

என்னைக் கேட்பார்கள்: கறுப்புத் தோலை வைத்துக்கொண்டு நீ எப்படி இதைக் கேட்கிறாய்? முன்பெல்லாம் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். இசை வேறு, மனிதன் வேறு, அவன் பாட்டில் அரசியலே இல்லை, காடும் பனியும் சாவும்தான். இதில் பாதி உண்மைதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்வதற்கு வசதியாக, கொலையும் தற்காப்பாக இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்குள் ஒரு ஆசை ஓடிக்கொண்டிருந்தது. இப்போது யோசித்தால், 23 காயங்களையும் விளக்கையும் பற்றிய அந்தச் சமையலறை விவாதம் முழுக்க அந்த ஆசையில்தான் நின்றது. போலந்துக்காரனுக்கும் எனக்கும் நீதி முக்கியமாக இருக்கவில்லை. அந்தத் தொகுப்புகளைக் கூச்சமில்லாமல் கேட்க ஒரு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது, அதைக் கொலைகாரனே எழுதிக் கையில் கொடுத்தான், வாங்கிக்கொண்டோம்.

இதற்குச் சான்று கேட்டால் லில்லெஹாமரைக் காட்டுவேன். 1992 ஆகஸ்டில், யூரோனிமஸ் சாவதற்கு ஒரு வருடம் முன்பு, எம்பெரர் என்ற இன்னொரு பிளாக் மெட்டல் குழுவின் டிரம்மர் போர்ட் ஐத்தூன் அந்த ஊரில் இரவில் தன்னை அணுகிய ஒரு தன்பால் ஈர்ப்பாளரைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் குத்திக் கொன்றான். அவனுக்கு 14 வருடத் தண்டனை கிடைத்தது. இந்தக் கொலையைப் பற்றி எந்த ரசிகனும் மணிக்கணக்கில் வாதாடி நான் கேட்டதில்லை. காயங்களின் எண்ணிக்கை, யார் முதலில் அடித்தது, எதுவுமில்லை. செத்தவர் எந்தக் குழுவிலும் கித்தார் வாசிக்கவில்லை. கொன்றவனும் தற்காப்பு என்று புத்தகம் எழுதவில்லை. கதை இல்லை, அதனால் விவாதமும் இல்லை. எம்பெரர் தொகுப்புகளை எல்லோரும் போலவே நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, இந்தக் கதை முழுவதிலும் என்னை விடாமல் பிடித்திருப்பது ஒரு பேஸ் கித்தார்.

மேஹெமின் ‘டெ மிஸ்டீரியிஸ் டோம் சதானாஸ்’ தொகுப்பு பதிவானது பெர்கனில், கிரீக் அரங்கத்தில். கிரீக் இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்தான். நகரின் சிம்ஃபனி வாசிக்கும் பெரிய மண்டபம் அது. பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது தினமும் டிராம் ஜன்னலில் பார்ப்பேன். அங்கே கித்தார் வாசித்தது யூரோனிமஸ். பேஸ் வாசித்தது விகெர்னஸ். பாட்டு வரிகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே செத்துவிட்ட டெட் எழுதியவை. வெளியானது 1994 மே, விகெர்னஸுக்குத் தண்டனை கிடைத்த அதே மாதம்.

நடுவில் யூரோனிமஸின் பெற்றோர் குழுவின் டிரம்மர் ஹெல்ஹாமரிடம் ஒன்று கேட்டார்கள்: எங்கள் மகனைக் கொன்றவன் வாசித்த பகுதியை எடுத்துவிடுங்கள். திரும்பப் பதிவு செய்கிறேன் என்று அவனும் சொல்லிவிட்டான். செய்யவில்லை. கொன்றவனும் செத்தவனும் ஒரே தட்டில் இருப்பது பொருத்தம் என்று தனக்குத் தோன்றியது என்று பிற்பாடு அவனே சொன்னான். அதனால் பேஸ் இன்றும் அப்படியே இருக்கிறது, சற்றுத் தாழ்வாக, கித்தாருக்கு அடியில்.

ஒருநாள் ராத்திரி நாங்கள் நாலு பேரும் அந்தச் சமையலறையில் ட்ரோன்ட்ஹைம்காரன் கொண்டுவந்த ஸ்பீக்கரில் இதைக் கேட்டோம். அட்டையில் இருப்பது அவன் ஊர்ப் பேராலயம், நிடாரோஸ். பேஸ் எங்கே என்று யாருக்கும் பிடிபடவில்லை. அவன் ஈக்வலைசரைத் திருகித் திருகி மேல் சத்தங்களைக் குறைத்தான். திடீரென்று கேட்டது. நன்றாகவே வாசித்திருந்தான். கித்தார் போகும் வழியிலேயே போகாமல் சில இடங்களில் விலகித் தனியாக ஒரு சின்ன மெட்டைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறது. ஒருவன் வாசிப்பதை இன்னொருவன் உன்னிப்பாகக் கேட்டால்தான் அப்படி வரும். மருத்துவப் பெண், “இதை அந்த அம்மா கேட்டிருப்பாரா?” என்றாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. ட்ரோன்ட்ஹைம்காரன் ஈக்வலைசரைப் பழையபடி வைத்தான்.

அந்தப் பெற்றோர் புத்தகம் எழுதியதாகவோ, படத்தில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னதாகவோ நான் பார்த்ததில்லை. அவர்கள் வைத்ததாக நான் படித்தது இந்த ஒரே ஒரு கோரிக்கை. அதையும் ஏமாற்றி, அந்த ஏமாற்றையே ஒரு ரசமான துணுக்காக நாம் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் இப்போது சொல்லிவிட்டேன்.

நான் அந்தத் தொகுப்பை இன்னும் கேட்கிறேன். புர்சுமைக் கேட்பது குறைந்துவிட்டது. கொள்கை முடிவெல்லாம் இல்லை. தலைக்குள் அவன் பேச்சுக் குரல் கேட்டுவிடுகிறது, யூடியூபில் விளக்கம் சொன்ன அந்தக் குரல். மணலுக்கு அடியிலிருந்து மெட்டு எழுந்து வரும் நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பணம் அவனுக்குப் போகாமல் கேட்டுக்கொள்ளலாம் என்று நண்பர்கள் வழி சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு பெரிய சிக்கல் பணத்தில் இருந்ததில்லை.

படிப்பு முடிந்து ஊர் திரும்பும் முன் ஒஸ்லோவில் இரண்டு நாள் தங்கினேன். முதல் நாள் ஸ்வைகோர்ட்ஸ் தெருவில் பழைய ஹெல்வெத்தெ இருந்த கடைக்குப் போனேன். அப்போது அங்கே வேறு பெயரில் ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. கீழே நிலவறையை ரசிகர்களுக்காகவே அப்படியே வைத்திருந்தார்கள். சுவரில் பெரிய வெள்ளை எழுத்தில் ‘பிளாக் மெட்டல்’. எனக்கு முன்னால் பிரேசில்காரர்கள் இருவர் அதன் முன்னே மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் படத்தையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அதில் நான் சிரிக்காமல் இருக்க மிகவும் முயற்சி செய்வது தெரியும்.

மறுநாள் க்ரோன்லான்ட் பக்கம் போனேன். அங்கே ஆசியச் சாமான் கடைகள் நிறைய. கறிவேப்பிலை கிடைத்தது, சின்னப் பொட்டலம், யானை விலை. அங்கிருந்து மேலே ஏறும் தெருதான் தோயன்காத்தா. வீட்டு எண்ணைக் கைபேசியில் குறித்து வைத்திருந்தேன். தள்ளுவண்டியில் குழந்தையை உருட்டிக்கொண்டு ஒரு சோமாலியப் பெண் எதிரே வந்தார், வழிவிட்டு நின்றேன். அழைப்புமணிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர்களைக் கதவுக்குக் கதவு படித்துக்கொண்டே நடந்தேன். உருதுப் பெயர், அரபிப் பெயர், நார்வேப் பெயர், ஒரு கதவில் நீளமாக ஒரு தமிழ்ப் பெயர். கைபேசியை எடுத்து எண்ணைச் சரிபார்க்கவில்லை. தெரு முடியும்வரை போய்விட்டு, மழை வலுக்கவும், மெட்ரோவுக்குள் இறங்கிவிட்டேன்.